ஒற்றை முழங்கால் லீவரோடு வந்த பெடல் ஸ்டீல்: இன்னும் மூன்று சேர்க்க வேண்டும், எதை எங்கே மாட்டுவது?

செங்காங் கம்பி எழுதியது:

வணக்கம். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒருவரிடமிருந்து பெடல் ஸ்டீல் கிடார் ஒன்று வாங்கியிருக்கிறேன் (கிடையாக வைத்து, கம்பிமேல் ‘பார்’ என்ற இரும்புத் துண்டை நகர்த்தி, பெடலாலும் முழங்கால் லீவராலும் சுருதியை மாற்றி வாசிக்கிற கிடார்). பத்துக் கம்பி, ஒற்றைக் கழுத்து, ஈ9 ட்யூனிங், மூன்று பெடல். மாணவர்களுக்கென்று செய்த பழைய அமெரிக்க மாடல் என்பதால் முழங்கால் லீவர் ஒன்றே ஒன்றுதான். அது இடது காலுக்கு வலப்புறம் தொங்குகிறது, தள்ளினால் 4ஆம் கம்பியும் 8ஆம் கம்பியும் ஈ-யிலிருந்து டி ஷார்ப்புக்கு இறங்குகின்றன. பெடல்கள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி.

இருப்பதை வைத்தே நிறைய வாசிக்க முடிகிறது, அதில் குறையில்லை. ஆனால் எந்தப் பாடக் காணொளியைத் திறந்தாலும் கொஞ்ச நேரத்திலேயே என்னிடம் இல்லாத ஒரு லீவரைத் தள்ளச் சொல்கிறார்கள். மூன்று லீவர் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எந்த மாற்றத்தை முதலில் சேர்ப்பது, எந்த முழங்காலுக்கு எந்தப் பக்கம் கொடுப்பது என்பதுதான் கேள்வி. இணையத்தில் ஆளுக்கொரு அட்டவணை போட்டிருக்கிறார்கள், இரண்டு அட்டவணை ஒன்றுபோல் இல்லை. ஏன் அப்படி வைக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நானே யோசித்துக்கொள்வேன்.

இன்னொன்று, இதை இங்கே சிங்கப்பூரில் செய்துகொள்ள முடியுமா? பெடல் ஸ்டீல் பழுது பார்க்கிறவர் என்று தனியாக யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குக் கொஞ்சம் நீளமான கால்கள், அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள். வாசிக்க விரும்புவது பாதி கன்ட்ரி, பாதி நம்முடைய பழைய சினிமாப் பாட்டுகள்.

---

தோ பாயோ ஸ்டீல் எழுதியது:

தம்பி, முதலில் எஃப் லீவர். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

4ஐயும் 8ஐயும் ஈ-யிலிருந்து எஃப்புக்கு ஏற்றுவது அது. தனியாகத் தள்ளினால் 5, 6, 8, 9 ஆகிய நான்கு கம்பிகளில் முழு டிமினிஷ்ட் கார்டு கிடைக்கும், ஆனால் அதன் உண்மையான பலன் ஏ பெடலோடு சேரும்போதுதான். ஜி கார்டை எடுத்துக்கொள். மூன்றாவது ஃப்ரெட்டில் எதையும் அழுத்தாமல் ஜி. பத்தாவது ஃப்ரெட்டில் ஏ, பி பெடல் இரண்டையும் அழுத்தி ஜி. இவை இரண்டும் உன்னிடம் இப்போதே இருக்கின்றன. நடுவில் ஆறாவது ஃப்ரெட்டில் ஏ பெடலும் எஃப் லீவரும் சேர்ந்தால் அங்கேயும் ஜி. அந்த நடு இடம் இல்லாமல் மூன்றிலிருந்து பத்துக்குத் தாவுவதும், அது இருந்து வழியில் இறங்கி ஏறுவதும் வாசிப்பையே மாற்றிவிடும். 1954இல் வெப் பியர்ஸ் பாடி வெளிவந்த ஒரு பாட்டில் பட் ஐசக்ஸ், பார் அப்படியே நிற்க, ஒலித்துக்கொண்டிருக்கும் கார்டுக்குள்ளேயே பெடலால் கம்பியை ஏற்றிக் காட்டினார். அதைக் கேட்டு அமெரிக்காவில் ஸ்டீல் வாசித்தவர்கள் பலர் தங்கள் கிடாரில் பெடல் மாட்ட ஓடினார்கள். ஒன்று நிற்க மற்றொன்று நகர்வதுதான் இந்த வாத்தியத்தின் உயிர். லீவர் சேர்க்கும்போதெல்லாம் ‘இதைத் தள்ளினால் எது நிற்கும், எது நகரும்’ என்று கேட்டுக்கொண்டால் போதும்.

சரி, எங்கே வைப்பது. உன் கிடாரில் ஏ, பி, சி வரிசை, அதாவது எம்மன்ஸ் அமைப்பு. அதில் எஃப் லீவர் இடது காலின் இடப்புறம், எல்கேஎல் என்பார்கள், அதே காலின் வலப்புறம் என்றால் எல்கேஆர். காரணம் எளிது: ஏ பெடலை மட்டும் அழுத்த வேண்டுமென்றால் பாதம் பி-யை விட்டு இடப்பக்கம் சாய்கிறது, பாதம் சாயும் பக்கமே முழங்காலும் போனால் ஒரே அசைவில் இரண்டும் நடந்துவிடும். ஜிம்மி டே அமைப்பில் பெடல் வரிசை சி, பி, ஏ என்று தலைகீழ், அதனால் அங்கே எஃப் லீவர் எல்கேஆருக்குப் போய்விடும், இறக்குகிற லீவர் எல்கேஎல்லுக்கு வந்துவிடும். நீ பார்த்த அட்டவணைகளில் பாதிக் குழப்பம் இதனால்தான் இருக்கும்.

இதற்குள்ளேயே இன்னொரு விதியும் இருக்கிறது. 4, 8 கம்பிகளை எஃப்புக்கு ஏற்றுவதும் டி ஷார்ப்புக்கு இறக்குவதும் ஒரே நேரத்தில் வேண்டியிருக்காது, ஆகவே இரண்டையும் ஒரே முழங்காலின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தால் ஒன்றும் நஷ்டமில்லை. சேர்ந்து வேண்டியவை இரண்டை அப்படி வைத்துவிட்டால் சேர்த்து வாசிக்கவே முடியாது, ஒரு முழங்கால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் போகாது இல்லையா. எந்த அட்டவணையையும் இந்தக் கண்ணோடு பார்.

இரண்டாவது லீவர், வலது காலின் வலப்புறம், ஆர்கேஆர்: 2ஆம் கம்பி டி ஷார்ப்பிலிருந்து டி-க்கும், அங்கிருந்து சி ஷார்ப்புக்கும் இறங்கும், 9ஆம் கம்பி டி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு இறங்கும். நடுவில் டி-யில் நிற்கிற இடம் காலுக்குத் தெரிய வேண்டும். 2ஆம் கம்பி டி-யை அடைகிற கணத்தில்தான் 9ஆம் கம்பி இறங்கத் தொடங்க வேண்டும் என்று அமைத்துவிட்டால், அந்த இடத்தில் லீவர் திடீரென்று கனக்கும், கால் தானாக நிற்கும். அந்த 2ஆம் கம்பியும் 1ஆம் கம்பியும் 1962இல் ஸ்டீல் கலைஞர் படி எம்மன்ஸ் (Buddy Emmons) சேர்த்தவை. அவர் சேர்த்தது ஏன் என்று இந்த லீவர் வந்தபிறகு உனக்கே புரியும்.

மூன்றாவது ஆர்கேஎல், வலது காலின் இடப்புறம். 1ஆம் கம்பி எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி-க்கு ஏறும், 6ஆம் கம்பி ஜி ஷார்ப்பிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு இறங்கும். இது நான் வைத்திருப்பது. நான்காவது என்றால் முழங்காலை மேலே தூக்கும் எல்கேவி, 5ஐயும் 10ஐயும் பி-யிலிருந்து பி ஃப்ளாட்டுக்கு இறக்கும், ஆனால் அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

---

காக்கி புக்கிட் பட்டறை எழுதியது:

அண்ணன் இசையைச் சொல்லிவிட்டார், நான் இரும்பைச் சொல்கிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, நண்பர் ஒருவருடைய ஸ்டீலுக்கு லீவர் சேர்த்துக் கொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

எதையும் வாங்குமுன் கிடாரைத் துணி விரித்துக் கவிழ்த்துப் போட்டு சேஞ்சரைப் பாருங்கள். வலது கோடியில் கம்பிக்கு ஒன்றாக விரல் மாதிரி துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஏற்றுவதற்கு எத்தனை ஓட்டை, இறக்குவதற்கு எத்தனை ஓட்டை என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை லீவர் சேர்க்கலாம் என்பதை அந்த எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. அண்ணன் சொன்ன பட்டியலை நான் கம்பி கம்பியாகப் போட்டுப் பார்த்தேன். 4ஆம் கம்பிக்கு சி பெடலும் எஃப் லீவரும் ஏற்றுகின்றன, ஒரு லீவர் இறக்குகிறது. 5ஆம் கம்பிக்கு ஏ பெடலும் சி பெடலும் ஏற்றுகின்றன, பின்னால் பி ஃப்ளாட் வந்தால் ஓர் இறக்கம். மற்ற எந்தக் கம்பிக்கும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கத்துக்கு மேல் தேவையில்லை. ஆக, விரலுக்கு இரண்டு ஏற்றம் ஓர் இறக்கம் இருந்தாலே முழுப் பட்டியலும் அடங்கிவிடும். ஓர் ஏற்றம் மட்டும்தான் என்றால் எஃப் லீவருக்கே இடமில்லை, அப்போது சேஞ்சரையே மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவுக்கு வேறு கிடார் பார்க்கலாம்.

அடுத்து இழுவை. லீவரைத் தள்ளினால் குறுக்குத் தண்டு சுழலும், தண்டில் உள்ள பெல் கிராங்க் இழுகம்பியை இழுக்கும், இழுகம்பி சேஞ்சர் விரலை இழுக்கும். பெல் கிராங்கில் தண்டை விட்டு எட்டி இருக்கும் ஓட்டையில் மாட்டினால் கால் குறைவாக நகர்ந்தால் போதும், ஆனால் கனமாக இருக்கும். தண்டுக்குப் பக்கத்து ஓட்டை என்றால் லேசாக இருக்கும், ஆனால் காலை அதிக தூரம் தள்ள வேண்டும். விரல் பக்கம் இது நேர்மாறு, அச்சுக்குப் பக்கத்து ஓட்டைதான் குறைந்த தூரம், அதிகக் கனம். எஃப் லீவரில் 4ஆம் கம்பி மெல்லிய வெற்றுக் கம்பி, 8ஆம் கம்பி சுற்றுக் கம்பி, இரண்டும் ஏறத் தேவையான தூரம் ஒன்றல்ல. இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் போய்ச் சேரும்படி ஓட்டைகளை மாற்றி மாற்றிப் பாருங்கள். பாதி நாள் இதிலேயே போகும், போகட்டும். இதில் அவசரப்பட்டு முடித்த கிடார் வாழ்நாள் முழுக்க ஒரு கம்பி முந்தி ஒரு கம்பி பிந்தி ஏறிக்கொண்டிருக்கும்.

இழுகம்பியின் கோடியில் உள்ள நைலான் நட்டை ஒருபோதும் விரலோடு ஒட்டும்வரை இறுக்காதீர்கள். லீவர் சும்மா இருக்கும்போது மிகச் சிறிய இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் திறந்த கம்பியின் சுருதி எப்போதும் கொஞ்சம் தள்ளியே நிற்கும், நீங்கள் தலைப்பக்கத்துத் திருகாணியைத் திருகித் திருகி அலுத்துப்போவீர்கள். இறக்கத்துக்கான திரும்பு ஸ்பிரிங்கையும் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் அதே கம்பியை ஏற்றும்போது இறக்கத் துண்டு இடத்தை விட்டு அசைந்துவிடும், ஏறிய சுருதி ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். எஃப் லீவர் புதிதாகச் சேர்த்தவர்கள் பலர் லீவரைக் குறை சொல்வார்கள், கோளாறு அந்த ஸ்பிரிங்கில் இருக்கும்.

அமெரிக்கக் கிடார் என்பதால் திருகு, ஆலன் சாவி எல்லாம் அங்குல அளவு. ஜாலான் புசார் பக்கத்து இரும்புக் கடைகளில் பெரும்பாலும் மில்லிமீட்டர்தான் எடுத்துக் கொடுப்பார்கள், அங்குலம் என்று சொல்லிக் கேளுங்கள், பழைய கிடாரிலிருந்து ஒரு திருகைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். இழுகம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், நம் ஊர் ஈரத்துக்கு மற்றது தாங்காது. லீவரும் பிராக்கெட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருள், சேவை வரி 9 விழுக்காட்டையும் அனுப்பும் செலவையும் சேர்த்தே விலையைப் பாருங்கள்.

---

செங்காங் கம்பி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கவிழ்த்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லா விரல்களிலும் ஏற்றத்துக்கு இரண்டு, இறக்கத்துக்கு ஒன்று. அப்படியென்றால் இடம் இருக்கிறது, அதுவும் சரியாக அந்த அளவுக்கே இருக்கிறது. குறுக்குத் தண்டுகளுக்கு முன் சட்டத்திலும் பின் சட்டத்திலும் காலி ஓட்டைகள்கூட இருக்கின்றன, அவை லீவர் சேர்ப்பதற்கென்றே விட்டவை என்று நினைக்கிறேன்.

இரண்டு சந்தேகம். வலது பாதம் வால்யூம் பெடலில் இருக்கிறது. வலது முழங்காலை இடமும் வலமும் தள்ளினால் பாதமும் சேர்ந்து அசைந்து சத்தம் கூடிக் குறையாதா? அப்புறம், தோ பாயோ அண்ணே, ஆர்கேஎல்லில் 1ஐயும் 6ஐயும் வைக்கச் சொன்னீர்கள். நான் வாசிக்கிற பழைய பாட்டுகளில் ராகம் சார்ந்தவை அதிகம். அதற்கும் இதே வரிசைதானா, இல்லை வேறு எதையாவது முன்னால் கொண்டுவர வேண்டுமா?

---

கோட்டுவாத்தியம் அக்கா எழுதியது:

தம்பி, உன் இரண்டாவது கேள்விக்காகவே எழுதுகிறேன். நான் கோட்டுவாத்தியம் கற்றவள், பிறகு பெடல் ஸ்டீலுக்கு வந்தேன். ஈ-யை சட்ஜமாக வைத்துக்கொண்டு உன் கிடாரை ஸ்வரமாகப் படித்துப் பார், லீவர் வரிசை வேறு மாதிரி தெரியும்.

4, 8 சட்ஜம். 5, 10 பஞ்சமம். 3, 6 அந்தர காந்தாரம். 1, 7 சதுஸ்ருதி ரிஷபம். 2 காகலி நிஷாதம், 9 கைசிகி நிஷாதம். ஏ பெடல் பஞ்சமத்தைச் சதுஸ்ருதி தைவதமாக்குகிறது, பி பெடல் அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்யமமாக்குகிறது. ஆக மோகனத்துக்கு ஏ பெடல் ஒன்றே போதும், லீவரே வேண்டாம். பி பெடலையும் 9ஆம் கம்பியையும் சேர்த்துக்கொண்டால் ஹரிகாம்போதி முழுசாக வந்துவிட்டது. 9ஆம் கம்பிக்குப் பதில் 2ஆம் கம்பி என்றால் சங்கராபரணம். இவை எல்லாம் பாரை ஒரே ஃப்ரெட்டில் வைத்துக்கொண்டே.

இல்லாதது என்ன? பிரதி மத்யமம் இல்லை. பாரை நகர்த்தி எடுக்கலாம், கோட்டுவாத்தியத்தில் நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் எடுக்கிறோம், ஆனால் பார் நகர்ந்தால் பக்கத்தில் ஒலித்துக்கொண்டிருக்கும் சட்ஜமும் கூடவே நகர்ந்துவிடும். 5ஆம் கம்பியை பி-யிலிருந்து பி ஃப்ளாட்டுக்கு இறக்குகிற லீவர் இருந்தால் சட்ஜமும் காந்தாரமும் அசையாமல் நிற்க, பஞ்சமம் மட்டும் பிரதி மத்யமத்துக்கு இறங்கித் திரும்பும். கல்யாணி வாசிக்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அந்த இறக்கத்தை மெதுவாகப் பாதி தள்ளி விட்டுப் பார், கம்பி பேசும்.

இன்னொரு விஷயம். ஏ பெடல் அதே 5ஆம் கம்பியை இரண்டு அரைஸ்வரம் ஏற்றுகிறது, இந்த லீவர் ஓர் அரைஸ்வரம் இறக்குகிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஓர் அரைஸ்வரம் ஏறி சி-யில் நிற்கும், அதாவது சுத்த தைவதம். எஃப் லீவர் ஏற்கெனவே சுத்த ரிஷபத்தைக் கொடுத்துவிட்டது. சுத்த ரிஷபம், சுத்த தைவதம் இரண்டும் கைக்கு வந்தால் மாயாமாளவகௌளை வந்துவிட்டது, சின்ன வயதில் சரளி வரிசை பாடிய ராகம். எஃப் லீவர் 4ஐயும் 8ஐயும் சேர்த்தே ஏற்றிவிடுவதால் அந்த நேரம் கிடாரில் சட்ஜமே இருக்காது, சுருதிப்பெட்டியை ஓடவிட்டு வாசி.

அதனால் என் கருத்து, உனக்கு மூன்றே இடம் என்றால் 1, 6 லீவரைத் தள்ளிப்போட்டு பி ஃப்ளாட் லீவரைக் கொண்டுவா. அதை எல்கேவியாக வைக்காதே. சுத்த தைவதத்துக்கு ஏ பெடலும் அதுவும் சேர்ந்து வேண்டும். இடது பாதம் ஏ பெடலைக் கீழே அழுத்தும்போது அதே முழங்காலை மேலே தூக்குவது செய்ய முடிகிற காரியம்தான், பலர் செய்கிறார்கள், குதிகாலைத் தூக்கினால் முழங்கால் எழும். ஆனால் கமகம் பிடிக்கிற அளவுக்கு நிதானம் அதில் கிடைப்பது கஷ்டம். வலது காலுக்குக் கொடு, ஆர்கேஎல்.

---

புக்கிட் பாத்தோக் எழுதியது:

நான் டே அமைப்பில் வாசிக்கிறவன், சி, பி, ஏ. கேட்டவரை மாறச் சொல்லவில்லை, ஏ, பி, சி-யில் பழகிவிட்டார், அப்படியே இருக்கட்டும். ஆனால் மூன்று லீவரையும் ஒரே மூச்சில் மாட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எஃப் லீவரை மட்டும் மாட்டி, கால் அதை நினைக்காமலே தேடிப் போகிறவரை வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போவது நல்லது. மூன்றும் ஒன்றாக வந்தால் எதுவுமே உடம்பில் ஏறாது.

வலது கால் கேள்விக்கு: வால்யூம் பெடலை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி விடை. இருக்கையில் உட்கார்ந்து வலது காலை இயல்பாக நீட்டுங்கள், முழங்கால் இரண்டு லீவருக்கும் சரி நடுவில் நிற்க வேண்டும், அந்த நிலையில் பாதம் எங்கே இறங்குகிறதோ அங்கேதான் வால்யூம் பெடல். பிறகு குதிகாலைப் பெடலில் ஊன்றி இடுப்பிலிருந்து தொடையை அசையுங்கள், கணுக்காலைத் திருப்பாதீர்கள். வலது லீவர்கள் இரண்டும் அதிகக் கனமும் இல்லாமல், அதிக தூரமும் இல்லாமல் முடியட்டும். பட்டறைக்காரர் சொன்ன ஓட்டை விஷயத்தை இங்கே பயன்படுத்துங்கள்.

கால் நீளம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இடது பாதம் ஏ, பி பெடல்களில் இருக்கும்போது எல்கேஎல்லும் எல்கேஆரும் தொடையை இரண்டு பக்கமும் உரசாமல், ஆனால் சற்றே அசைத்தால் தொடுகிற தூரத்தில் இருக்க வேண்டும். பிராக்கெட்டை நிரந்தரமாகத் திருகுவதற்கு முன் கிளாம்பு போட்டு நிறுத்தி உட்கார்ந்து பாருங்கள். நீளக் கால் என்றால் கிடாரின் நாலு காலையும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும், நீட்டினால் பெடல் தண்டுகளின் நீளத்தையும் அதற்கேற்ப மாற்றியே ஆக வேண்டும். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டுக்குள் நாம் எல்லாரும் வெறுங்காலோடு இருக்கிறோம், மேடையில் காலணி. அடித்தோலின் கனம் அளவுக்கு முழங்கால் உயர்ந்துவிடும், பெடலில் பாதம் பிடிக்கிற விதமும் மாறிவிடும். மெல்லிய அடித்தோல் உள்ள ஒரு ஜோடியை வீட்டுக்குள் வாசிக்க மட்டும் என்று ஒதுக்கி வைத்து, அதைப் போட்டுக்கொண்டே லீவர் அளவெடுங்கள், அதையே மேடைக்கும் போடுங்கள்.

---

தோ பாயோ ஸ்டீல் எழுதியது:

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு என் கிடாரில் உட்கார்ந்து பார்த்தேன். பி ஃப்ளாட் லீவர் என்னிடம் எல்கேவியில் இருக்கிறது, இத்தனை காலமாக அதை மைனர் கார்டுகளுக்கும் இறங்குகிற வரிகளுக்கும் மட்டுமே தொட்டிருக்கிறேன். ஏ பெடலோடு சேர்த்து சுத்த தைவதம் என்று யோசித்ததே இல்லை. நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு எச்சரிக்கை: ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து வருகிற அந்த சி தானாகச் சுருதியில் நிற்காது. ஏ பெடலின் சி ஷார்ப்பையும் லீவரின் பி ஃப்ளாட்டையும் தனித்தனியாகச் சரிசெய்த பிறகு இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வருவது கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். அதை மட்டும் தனியாகச் சரிசெய்ய சில கிடார்களின் சேஞ்சரில் தனித் திருகு உண்டு, தம்பியின் மாடலில் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இல்லையென்றால் லீவரை முழுக்கத் தள்ளாமல் காதை வைத்து நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். வலது காலில் அது இன்னும் எளிது, அந்த வகையில் அக்காவின் பேச்சுக்கு வலு கூடுகிறது.

ஆர்கேஎல்லும் ஆர்கேஆரும் எதிரெதிர் என்பதால் பி ஃப்ளாட்டும் 2ஆம் கம்பி இறக்கமும் சேர்ந்து வராது. கல்யாணியில் காகலி நிஷாதம் திறந்த 2ஆம் கம்பியிலேயே இருப்பதால் அங்கே அது இடிக்காது. கன்ட்ரியிலும் இவை இரண்டையும் ஒன்றாகத் தள்ள வேண்டிய இடம் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. 1, 6 லீவரை விடுவதில் எனக்கு மனசில்லை, 6ஆம் கம்பியை இறக்கி பி பெடலால் திருப்பி ஏற்றுகிற அழகு வேறு எதிலும் இல்லை. ஆனால் கிடார் அவருடையது, பாட்டும் அவருடையது.

சுருதி சேர்க்கும்போது மின்னணு ட்யூனரின் முள் நடுவில் நிற்பதை மட்டும் நம்பாதே. திறந்த ஜி ஷார்ப் கம்பிகளை ஈ-யோடு காதுக்கு அசைவில்லாமல் சேர்த்தால் அவை ட்யூனரில் சுமார் 14 சென்ட் (ஓர் அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவாகக் காட்டும், அதுதான் இனிமையான காந்தாரம். ஏ பெடலின் சி ஷார்ப், எஃப் லீவரின் எஃப் இரண்டும் இதே கதைதான், கார்டுக்குள் அவை மூன்றாம் ஸ்வரமாக நிற்பதால் கீழே இறக்கி வைத்தால்தான் அடங்கும்.

---

கோட்டுவாத்தியம் அக்கா எழுதியது:

தோ பாயோ அண்ணன் சொன்ன 14 சென்ட் அந்தர காந்தாரத்துக்கு அப்படியே பொருந்தும். தம்புரா மீட்டும்போது சட்ஜக் கம்பியிலிருந்தே கேட்கிற காந்தாரம் அதுதான். ட்யூனரை மூடிவைத்துவிட்டு சுருதிப்பெட்டியோடு சேர்த்துப் பார் தம்பி.

---

செங்காங் கம்பி எழுதியது:

எல்லாவற்றையும் படித்துவிட்டு இப்படி முடிவு செய்திருக்கிறேன். எல்கேஆர் இப்போது இருப்பதுபோலவே. எல்கேஎல் எஃப் லீவர், இதை மட்டும் முதலில் மாட்டுகிறேன், புக்கிட் பாத்தோக் அண்ணன் சொன்னதுபோல அது காலில் ஊறட்டும். அதற்கு அடுத்து ஆர்கேஎல்லில் பி ஃப்ளாட், 5ஆம் கம்பிக்கும் 10ஆம் கம்பிக்கும். கடைசியாக ஆர்கேஆரில் 2, 9. தோ பாயோ அண்ணே, 1, 6 லீவருக்கு இந்த அமைப்பில் இடமில்லை, ஆனால் எல்கேவி இடம் காலியாகவே இருக்கிறது, பின்னால் அங்கே கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன், 1ஆம் கம்பிக்கும் 6ஆம் கம்பிக்கும் ஓட்டை மிச்சம் இருக்கிறது.

வாங்க வேண்டியது இப்போதைக்கு ஒரு லீவர், பிராக்கெட், ஒரு குறுக்குத் தண்டு, இரண்டு பெல் கிராங்க், இரண்டு இழுகம்பி, இரண்டு நைலான் நட். காக்கி புக்கிட் அண்ணே, மரத்தில் புதிதாக ஓட்டை போடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் பார்த்துச் செய்து தர முடியுமா? கூலி சொல்லுங்கள், வெள்ளி எவ்வளவானாலும் பேசிக்கொள்ளலாம்.

---

காக்கி புக்கிட் பட்டறை எழுதியது:

சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு பட்டறை சும்மாதான் இருக்கும், கொண்டுவாருங்கள், கூலியெல்லாம் அப்புறம். சட்டத்தில் காலி ஓட்டை இருக்கிறது என்றீர்களே, எல்கேஎல் அதில் உட்கார்ந்தால் மரத்தைத் தொடவே வேண்டாம். தொட வேண்டி வந்தாலும் பயப்படாதீர்கள், துளை ஊசியில் ஆழத்துக்கு ஒட்டுநாடா சுற்றிவிட்டால் பலகையைத் தாண்டி மேலே வராது.

சாமான் வாங்குவதற்கு முன் மூன்று அளவு எடுத்து அனுப்புங்கள்: முன் சட்டத்துக்கும் பின் சட்டத்துக்கும் இடையே உள்ள உள் தூரம், இப்போது இருக்கிற குறுக்குத் தண்டின் கனமும் வடிவமும் (உருண்டையா, அறுகோணமா), இழுகம்பியின் விட்டம். பெல் கிராங்க் தண்டுக்குப் பொருந்தவில்லையென்றால் வரவழைத்த காசு வீண். கிடாரின் கால்களையும் பெடல் பலகையையும் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள், நீங்கள் வாசிக்கிற இருக்கையையும் அந்த மெல்லிய அடித்தோல் காலணியையும் மறக்காதீர்கள், நீங்கள் உட்கார்ந்து பார்க்காமல் நான் பிராக்கெட்டைத் திருக மாட்டேன்.